கதைக்கு ஞாபகம் இருக்கிறதா? மாயத் தொடரையும் காமெடித் தொடரையும் ரசிகர்கள் துருவிப் பார்க்கும் விதம்

கேள்வி: "எங்க வீட்டுல அம்மா நாகக்கன்னி சீரியல் பாப்பாங்க. அண்ணன் டிராகன் சீரியல் பாத்துட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கூட்டுக்காரங்களோட போன்ல வாதாடுவான். ரெண்டுமே கட்டுக்கதை. அதுல ஆராய என்ன இருக்கு? இதுக்கு முறை ஏதாவது உண்டா, இல்ல சும்மா வாய்ச்சண்டையா? காமெடித் தொடரையும் இப்படிப் பிரிச்சுப் பாக்க முடியுமா? நானும் பழகணும்னா எதுல தொடங்கலாம்?" குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் இருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டது இது.

முறை உண்டு, மக்களே. கட்டுக்கதை என்பதால்தான் முறையே தேவைப்படுகிறது. போலீஸ் கதையில் துப்பாக்கி சுட்டால் ஆள் விழுவான். அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மந்திரவாதி விரலைச் சொடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் எங்கேயும் சட்டப் புத்தகம் கிடையாது. அந்தக் கதையேதான் தன் சட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதை அடுத்த வாரமும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ரசிகர்கள் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து சோதிப்பது அந்த நினைவைத்தான். காமெடித் தொடரில் இது அப்படியே தலைகீழ். நேற்று நடந்ததை இன்றைக்கு எல்லாரும் மறந்தால்தான் அது ஓடும். கதைக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு இருக்கலாம் என்கிற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

நான் தக்கலைப் பக்கம் கேபிள் இணைப்பு நடத்தியவன். படம் தெரியவில்லை என்று வரும் போன்களைவிட எனக்கு மறக்காதது வேறு மாதிரிப் புகார்கள். "நேத்து முடியும்போ அவ கழுத்துல தாயத்து கெடந்துது. இன்னைக்குத் தொடங்கும்போ இல்ல. நடுவுல ஒரு எபிசோட நீங்க விட்டுட்டீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் எதையும் விடவில்லை. படப்பிடிப்பில் யாரோ தாயத்தைக் கட்ட மறந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மா செய்தது முதல்தரமான ரசிக வேலை. தாயத்து என்பது அந்தக் கதையில் நகை இல்லை, சட்டம். அது கழுத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது. அதைக் கவனித்தவருக்குக் கேபிள்காரனைச் சந்தேகிக்க எல்லா உரிமையும் உண்டு.

மாயக் கதையில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சக்தியால் எது முடியாது என்பது. எல்லாம் முடிகிற பூதத்தை வைத்துக் கதை சொல்ல முடியாது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதைப் படிக்க வெளிநாட்டுத் தொடருக்குப் போக வேண்டாம், நம்ம ஊர் நீலி போதும். வில்லுப்பாட்டில் ஊருக்கு ஊர் பாடம் மாறும். ஆனால் நடு எலும்பு ஒன்றுதான். போன பிறவியில் தன்னைக் கொன்றவன் இந்தப் பிறவியில் செட்டியாகப் பிறந்திருக்கிறான். பழி வாங்க நீலி பெண் வடிவில் பின்னாலேயே வருகிறாள். அவன் கையில் மந்திரித்த கத்தி ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. அதனால் வழியில் ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ச் சபையில் போய், இவர் என் புருஷன், என்னைக் கொல்லப் பார்க்கிறார், அந்தக் கத்தியை வாங்கி வையுங்கள் என்று அழுகிறாள். சபை நியாயம் பார்க்கிறது, கத்தியை வாங்கிக்கொள்கிறது, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறது. விடிந்தால் செட்டி பிணம்.

கவனியுங்கள். கள்ளியைப் பிள்ளையாக்கத் தெரிந்தவளுக்கு ஒரு கத்தியைத் தாண்டத் தெரியவில்லை. சக்தி நின்றுபோன அந்த இடத்தில்தான் அவள் மூளை வேலை செய்யத் தொடங்குகிறது; கதை உயிரோடு இருப்பதும் அங்கேதான். அதோடு, அவளால் எடுக்க முடியாத கத்தியை அவளுக்காக எடுத்துக் கொடுப்பது மந்திரம் இல்லை, ஊர் நியாயம். சபைக்காரர்கள் நல்லவர்கள், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செட்டியைக் கொன்றார்கள். கள்ளியங்காட்டில் இருந்து முப்பந்தல் வரை இந்தக் கதை இத்தனை காலம் நிற்பது பயத்தினால் மட்டும் இல்லை. அதன் சட்டம் ஓட்டையில்லாமல் இருக்கிறது.

யட்சி வழியில் சுண்ணாம்பு கேட்டால் விரலால் கொடுக்காதே, கத்தி நுனியில் வைத்து நீட்டு என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதே இரும்புச் சட்டம். மந்திரம் தெரிந்த கேரளப் பாதிரியார் கத்தனார் கதையில் யட்சியின் உச்சந்தலையில் அடித்த இரும்பாணியும் அதுவே. ஆணி இருக்கும்வரை அவள் வேலைக்காரி. தலை சீவிவிடும்போது பெண்கள் ஆணியைப் பிடுங்கினால் மறுபடி யட்சி. 2004-இல் ஏசியாநெட்டில் 'கடமற்றத்து கத்தனார்' தொடர் ஓடியபோது குமரி மேற்கில் அது பாதி நம் வீட்டுக் கதை. மலையாளம் இங்கே அந்நியம் இல்லை. கேபிள் வருவதற்கு முன்பே ஆன்டெனாவைத் திருவனந்தபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்த ஊர்கள் இவை. கடற்கரைப் பக்கம் சில வீடுகளில் இலங்கை ரூபவாஹினியும் விழும். அந்தத் தொடரில் நீலியாக சுகன்யா வந்தபோது, "இது யாரு, நம்ம நீலியா, சினிமா நீலியா?" என்பதுதான் திண்ணை வாதம். நீலியை அம்மனாக்கி நாம் கும்பிடும் இசக்கிக்குச் சார்த்துவது சிவப்புச் சேலை. இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. தொலைக்காட்சி யட்சிகளுக்கோ வெள்ளைச் சேலை, அவிழ்த்த கூந்தல், கொஞ்சம் புகை. மூலக் கதை ஒன்று, காட்டும் கதை ஒன்று என்று பிரித்து, எது எதிலிருந்து விலகியது, ஏன் விலகியது என்று பேசுவது ரசிகர் உலகில் பெரிய துறை. இங்கே அதைக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு முடிந்து கலையும்போதே பேசிவிடுவார்கள். 'போன வருசம் பாடின ஆளு அந்தக் கட்டத்த விடல்ல' என்று புலவரையே நிறுத்திக் கேட்கும் பெரியவர்கள் உண்டு.

வேதாளம் கதைக்கும் இதே வலுதான். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரம் ஏறும். இரண்டு வரிச் சட்டம். அதை வைத்து எத்தனை கதை! 1985-இல் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' இந்தியில் வந்தபோது, மொழி தெரியாத வீடுகளிலும் சிக்கல் இருக்கவில்லை, அம்புலிமாமா படித்தவர்களுக்குச் சட்டம் முன்பே தெரியும். கர்ணனின் சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் என்பதும் அப்படித்தான். அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வேண்டி வந்த அந்த நொடியில், சட்டத்தை நினைவில் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் வயிறு கலங்கும்.

இரண்டாவது, யாருக்கு எப்போது என்ன தெரியும் என்கிற கணக்கு. தீவிர ரசிகர்கள் இதை நோட்டிலேயே எழுதுவார்கள். ஒரு பக்கம் பாத்திரத்தின் பெயர், எதிரே அவருக்குத் தெரிந்த ரகசியம், எந்த எபிசோடில் தெரிந்தது என்பது. நீலி கதைக்கு எழுதிப் பாருங்கள். நீலிக்கு எல்லாம் தெரியும். செட்டிக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத் தெரியும், ஆனால் சபைக்குள் நம் குரல் போகாது. பதற்றம் முழுவதும் இந்த நாலு வரியில் இருக்கிறது. உங்க அம்மா பார்க்கும் நாகக்கன்னித் தொடருக்கும் இப்படி ஒன்று போட்டால், முந்நூறாவது எபிசோடில் மாமியார் இருபதாவது எபிசோடில் நேரில் பார்த்ததைத் தெரியாதவர்போல அதிர்ச்சி அடைவது பட்டென்று பிடிபடும்.

பிடிபட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் ரசிகர்கள் இரண்டு கட்சி. இந்தப் பிரிவு தொலைக்காட்சிக்கு முந்தியது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டு முதல் கதையில் தோளில், அடுத்ததில் காலில். ஏன்? கதைக்குள் நின்று பதில் சொல்பவர்கள், இரண்டு குண்டு பட்டிருக்கும், ஒன்றைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார் என்பார்கள். வெளியே நிற்பவர்கள், கானன் டாயல் மறந்துவிட்டார், அவ்வளவுதான் என்பார்கள். முதல் வகைக்கு வாட்சன் பெயரையும் இரண்டாவதுக்கு டாயல் பெயரையும் வைத்தே ரசிகர்கள் இன்றும் கூப்பிடுகிறார்கள். 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்போர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். அந்தக் காலத்து வேதாகம ஆராய்ச்சியாளர்கள் சுவிசேஷங்களை ஒப்பிட்டு முரண் தேடும் முறையைக் கிண்டல் செய்ய, அதே முறையை ஹோம்ஸ் கதைகள் மேல் போட்டுக் காட்டினார். கிண்டலாகத் தொடங்கியது ரசிகர்களின் நிரந்தரப் பொழுதுபோக்காகிவிட்டது.

தமிழ்த் தொடரில் இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு அட்டை வந்து நிற்கும்: "இவருக்குப் பதில் இவர்". அந்த ஒரு வரியில் கதை தன் கதவைத் திறந்து, வெளியே சம்பளத் தகராறோ கல்யாணமோ வேறு வாய்ப்போ இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. நேர்மையான அட்டை என்று எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. அமெரிக்காவில் அதுகூடப் போடவில்லை. 1964 முதல் 1972 வரை ஓடிய 'பிவிட்ச்டு' என்கிற சூனியக்காரி மனைவி காமெடியில், கணவன் டேரின் பாத்திரத்தை 1969 வரை டிக் யார்க் நடித்தார். முதுகு வலி தாங்காமல் அவர் விலக, டிக் சார்ஜன்ட் வந்தார். மனைவிக்கு மந்திரம் தெரியும், மாமியாருக்கு அதைவிடத் தெரியும். மாப்பிள்ளையின் முகம் மாறிப்போனதைப் பற்றி வீட்டில் ஒருவர்கூடப் பேசவில்லை. கதைக்குள் நின்று விளக்கும் கட்சி இதற்குச் சொன்ன விளக்கங்களை எழுதினால் தனிப் பதிலாகும். 1999-இல் 'தி சிம்ப்சன்ஸ்' இந்த வகை விளக்கத்தையே ஒரு நகைச்சுவையாக்கியது. 'ஸீனா' தொடரின் நாயகி லூசி லாலெஸ் ரசிகர்கள் முன் நிற்கிறார், ஒருவர் முரண்பாட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார், லாலெஸ் தரும் பதில்: அப்படி எதையாவது பார்த்தால், மந்திரவாதி செய்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை மந்திரத்தால் அடைக்கும் சோம்பேறித்தனத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

என் கட்சி எது என்றால், வாரத் தொடருக்கு உள்ளே நின்று பதில் தேடுவேன், தினசரித் தொடருக்கு வெளியே. தினசரித் தொடரில் காட்சி ஒளிபரப்புக்குச் சில நாள் முன்புதான் படமாகும். வியாழக்கிழமை தோறும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் எண் வரும், அதைப் பார்த்துச் செத்தவள் எழுந்து வருவாள். மூன்று முகத்துக்கு மும்மூன்று தடவை கேமரா பாய்வதற்கு உள்ளர்த்தம் தேடாதீர்கள், நேரத்தை நிரப்ப வேண்டும்.

உங்க அண்ணனின் ராத்திரி வாதம் பெரும்பாலும் மூன்றாவது வகை: இனி என்ன வரும் என்று ஊகம் கட்டுவது. இதிலும் நல்லதும் மட்டமும் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முழுக்கப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அந்தத் தொடருக்கு மூலமான முதல் நாவல் 1996-இல் வந்தது. 1997-லேயே வாசகர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்: ஜான் ஸ்னோ, எட்டார்ட் ஸ்டார்க்கின் கள்ளப் பிள்ளை இல்லை, அவருடைய தங்கை லயானாவின் பிள்ளை. தொலைக்காட்சி அதைக் காட்டியது 2016 ஜூன் மாதம். ஊகம் அத்தனை ஆண்டு தாங்கியதற்குக் காரணம் அது வருவதைச் சொன்னதில் இல்லை, ஏற்கனவே வந்ததை விளக்கியதில் இருக்கிறது. நேர்மைக்குப் பெயர் போன மனிதர் மனைவிக்குத் துரோகம் செய்தார் என்பது ஏன் பொருந்தவில்லை, சாகும் தங்கைக்கு அவர் கொடுத்த வாக்கு என்ன என்று தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே சாவியில் திறந்தன. தொடரின் இரண்டாவது எபிசோடில் பிரியும்போது அவர் ஜானிடம் சொல்வது, உன்னிடம் ஓடுவது என் ரத்தம் என்று. மகனே என்று இல்லை. தொடரை எடுக்க அனுமதி கேட்டு வந்த இருவரிடம் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வியும் ஜானின் தாய் யார் என்பதே. எனக்கு ஒரே ஆச்சரியம், இது தமிழ்நாட்டில் முதலிலேயே பிடிபட்டிருக்க வேண்டும். தங்கச்சி பிள்ளைக்காகத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு வளர்க்கிற தாய்மாமனை நமக்குத் தெரியாதா?

மட்டமான ஊகத்துக்கும் அதே தொடரில் சாட்சி உண்டு. 2019 மே 5-ஆம் தேதி வந்த எபிசோடில், விருந்து மேசையில் டிராகன்களை வைத்திருக்கும் ராணி டெனேரிஸ் முன்னால் இந்தக் காலத்துக் காபிக் கோப்பை ஒன்று இருந்தது. இரண்டே நாளில் கணினியில் அழித்துவிட்டார்கள். அதை வைத்துக் காலப் பயணம் என்று கட்டியவர்கள் விளையாட்டுக்குச் செய்தார்கள் என்றே நம்புகிறேன். பிழையைத் தடயமாக எடுத்தால் எதையும் எதற்கும் முடிச்சுப் போடலாம்.

உண்மையில் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது தூரம். முதல் சீசனில் ராஜா தலைநகரில் இருந்து வடக்கே வர ஒரு மாதப் பயணம். 2017-இல் ஏழாவது சீசனில், பனிச் சுவருக்கு அப்பால் சிக்கிக்கொண்டவர்களில் ஒருவன் கோட்டைக்கு ஓடுகிறான், அங்கிருந்து காக்கை தெற்கே தீவுக்குப் பறக்கிறது, டிராகன் வடக்கே வருகிறது, அதற்குள் அவர்கள் பனிப்பாறையில் குளிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காக்கையின் வேகம் என்ன, டிராகனின் வேகம் என்ன என்று வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டார்கள். நாகர்கோவிலில் சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினாலே எழும்பூரில் இறங்க விடிந்துவிடுகிறது. "டிராகனை நம்புகிறாய், அதன் வேகத்தை நம்ப மாட்டாயா?" என்று கேலி செய்பவர்கள் விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். டிராகன் உண்டு என்று கதை முதலில் சொன்னது, ஏற்றுக்கொண்டோம். இந்த உலகம் பெரியது, இங்கே பயணம் ஆளைக் கொல்லும் என்றும் அதே கதைதான் சொன்னது. சொன்னதை அது மறந்தது.

இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. கதையில் இருந்து மந்திரத்தை மட்டும் உருவிவிட்டு, மிச்சம் என்ன என்று பார்ப்பது. 1997 முதல் 2003 வரை வந்த 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' இதற்கென்றே பிறந்த தொடர். முதல் சீசனில் ஒரு மாணவி. வகுப்பில் யாரும் அவளைக் கண்டுகொள்வதில்லை, ஆசிரியர் கண்ணுக்கும் அவள் தூக்கிய கை படுவதில்லை. ஒருநாள் மெய்யாகவே அவள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறாள். பேயை எடுத்துவிட்டுப் பாருங்கள், எந்தப் பள்ளியிலும் பின் பெஞ்சில் அவள் இருப்பாள். இந்தத் தொடரை ஆராய 2001-இல் 'ஸ்லேயேஜ்' என்று ஒரு கல்வி ஆய்விதழே தொடங்கினார்கள். அதே கண்ணோடு 'பிவிட்ச்டு' பார்த்தால், வீட்டில் என் திறமையைக் காட்ட மாட்டேன் என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தினமும் அதே திறமையால் அவன் வேலையைக் காப்பாற்றுகிற மனைவி தெரிகிறாள். நாகக்கன்னியில்? கூட்டுக் குடும்பத்தில் எதிர்த்துப் பேச முடியாத மருமகள், ராத்திரி மட்டும் படமெடுக்கிறாள். உங்க அம்மா அதை விடாமல் பார்க்கக் காரணம் கிராபிக்ஸ் பாம்பு இல்லை என்று பந்தயம் கட்டுவேன். நீலியில் இருந்து உருவினால் மிச்சம் ஏமாற்றப்பட்டுக் கொல்லப்பட்ட பெண், பிறகு பிள்ளை வரம் கேட்டு நாம் தொட்டில் கட்டும் அம்மன்.

இந்த இடத்தில் ஒரு தமிழ்த் தொடரைச் சொல்லாமல் போக முடியாது: 90-களின் பின்பாதியில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு'. குதிரையில் வந்து தண்டிப்பது கருப்பசாமியா, மனிதனா? கடைசியில் அது மனநோயின் பக்கம் விடை சொல்லும். ஆனால் வாராவாரம் ஆளைக் கட்டிப்போட்டது அந்த விடை இல்லை, விடை வரும்வரை நீடித்த இரண்டுங்கெட்டான் நிலை. ட்ஸ்வெதான் டோடரோவ் என்கிற அறிஞர் 1970-இல் மாயக் கதைக்கு இலக்கணமே இந்தத் தயக்கம்தான் என்றார். நம்பிவிட்டாலும் போச்சு, மறுத்துவிட்டாலும் போச்சு. அவர் சொன்னது எங்கும் செல்லும், குமரி மாவட்டத்தில் மட்டும் கொஞ்சம் இடிக்கும். ராத்திரி சுடலைமாடனுக்கு ஆடினவர் விடிந்ததும் பெட்டிக்கடையைத் திறந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். நேற்று அது சாமியா நீங்களா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை, அவரும் தயங்குவதில்லை. இந்த ஊர்ப் பார்வையாளர் அந்தத் தொடரின் முடிவைப் பார்த்து, "டாக்டர் சொன்னா சொல்லட்டும், கருப்பன் கருப்பன்தான்" என்று சொன்னது எனக்கு நல்ல விமர்சனமாகவே படுகிறது.

சரி, காமெடி. இங்கே எல்லாம் தலைகீழ் என்றேன். சண்டை, கடன், பொய், தவறான ஆளைக் கட்டிப்பிடித்தது எதுவாக இருந்தாலும் அரைமணி நேரத்தில் தீர்ந்து, அடுத்த எபிசோடில் பழைய சோபாவில் பழைய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மறதிதான் ஒப்பந்தம். ரசிகர் பார்க்க வேண்டியது ஒப்பந்தம் எங்கே கசிகிறது என்பதை. 2015-இல் தொடங்கிய 'உப்பும் முளகும்' என்கிற மலையாளக் குடும்பத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா மாறவே மாட்டார்கள், சண்டை மாறாது, ஆனால் பிள்ளைகள் கேமரா முன்னாலேயே வளர்கிறார்கள். கைக்குழந்தையாக வந்த பாறுக்குட்டி பேசத் தொடங்குகிறாள். எழுத்தாளர் எவ்வளவு மறக்க நினைத்தாலும் குழந்தையின் உயரம் மறக்க விடாது. வீட்டுக் காமெடிக்குக் கடிகாரம் பிள்ளைகள்தான்.

'மறிமாயம்' என்கிற மலையாளத் தொடர் அதற்கு எதிர்க்கோடி. அதே ஆட்கள், அதே பெயர்கள், ஆனால் இந்த வாரம் கிராம அலுவலகம், அடுத்த வாரம் மின்சார ஆபீஸ். முன்வாரம் அதிகாரி, இந்த வாரம் பியூன். கதைக்குள் நின்று விளக்கும் கட்சிக்கு இங்கே வேலையே இல்லை என்று நினைக்கலாம். எனக்கென்னவோ இதைவிட யதார்த்தமான தொடர் கிடையாது. எந்த ஆபீசுக்குப் போனாலும் அதே முகம்தானே உட்கார்ந்திருக்கிறது.

காமெடிப் பாத்திரங்களுக்கு வரும் நோய் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸ் ஆரம்பத்தில் நல்ல அயல்காரன், நல்ல தகப்பன், அதோடு பக்தியுள்ளவன். போகப்போக பக்தி மட்டும் மிஞ்சி ஆள் காணாமல் போனான். ஒரு குணத்தில் கைதட்டு விழுந்தால் எழுத்தாளர்கள் அதையே ஊதிப் பெருக்குவார்கள். ரசிகர்கள் இந்த நோய்க்கு ஃப்ளாண்டர்ஸ் பெயரையே வைத்துவிட்டார்கள். சோதிக்க எளிய வழி: முதல் ஐந்து எபிசோடில் அந்தப் பாத்திரம் என்னவெல்லாம் செய்தது என்று எழுதி, நூறாவதில் மறுபடி பாருங்கள். மாமியார் வேடத்தில் இந்த நோய் வராமல் நின்றவர் என்று எனக்குத் தோன்றுவது மலையாளத் தொடர் 'தட்டீம் முட்டீம்' மாயாவதி. கே.பி.ஏ.சி. லலிதா அந்த வசவுக்குள் ஒரு பயத்தை வைத்திருந்தார், வீட்டில் தனக்கு இடம் போய்விடுமோ என்கிற பயம். ஆகவே வசவு அலுக்கவில்லை. 'லொள்ளு சபா' போன்ற பகடிக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டால் போதும்.

மாயமும் காமெடியும் ஒன்றாக வரும்போது? அங்கேதான் இந்த இரண்டு ஒப்பந்தமும் முட்டிக்கொள்கின்றன. 2016 முதல் 2020 வரை நாலு சீசன் வந்த 'தி குட் பிளேஸ்' அந்த முட்டலையே கதையாக்கியது. நீங்கள் அதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் சிபாரிசு, அதனால் முதல் சீசனின் கடைசித் திருப்பத்தைச் சொல்லப் போவதில்லை. அதன் பிறகு வருவதில் ஒரு துளி மட்டும்: செத்துப்போய் மேலுலகம் வந்த நால்வரின் நினைவை அந்த இடத்தை நடத்துகிறவர் அழித்துவிட்டு, முதலில் இருந்து தொடங்குகிறார். ஒரு தடவை இல்லை, 800 தடவைக்கு மேல். காமெடித் தொடர்கள் வெட்கப்பட்டுத் திரைக்குப் பின்னால் செய்துவந்த மறதியை இது மாயச் சட்டமாக்கித் திரையிலேயே வைத்தது. நினைவில்லாதவன் நல்லவனாக மாற முடியுமா என்கிற கேள்வி அங்கிருந்து வருகிறது. அதற்காகவே பமீலா ஹைரோனிமி, டாட் மே என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்களை ஆலோசகர்களாக வைத்திருந்தார்கள்.

முதல் சீசன் 13 எபிசோட், ஒவ்வொன்றும் அரைமணிக்குள். முதல் தடவை சும்மா பாருங்கள், நோட்டை எடுக்காதீர்கள், சிரித்தால் போதும். முடிந்ததும் மறுபடி முதல் எபிசோடில் இருந்து, இந்தத் தடவை நோட்டோடு. உறைதயிர் விற்கும் கடைகள் ஏன் அத்தனை? நால்வரில் ஒருத்தியான எலினரின் வீட்டுச் சுவரில் அந்தக் கோமாளிப் படங்களை மாட்டியது யார்? நால்வரில் இன்னொருவனான சிடிக்கு ஒரு சின்ன முடிவெடுக்கக்கூட ஏன் வயிறு வலிக்கிறது? முதல் தடவை நகைச்சுவையாகப் போனவை எல்லாம் இரண்டாவது தடவை தடயமாக நிற்கும்.

தினசரித் தொடரை எடுத்துத்தான் பழகுவேன் என்றால் நோட்டு வாங்க வேண்டாம். விளம்பர இடைவேளையில் உங்க அம்மாவிடம், அந்த நாகமாணிக்கம் இப்போ யார் கையில, அது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேளுங்கள். எபிசோட் எண் தவிர மீதி எல்லாம் சொல்வார்.